மாடியில் புடலைப் பந்தல்: பூ விரியும் நேரம் பிடிபட்ட பிறகு

கோயம்புத்தூரில் ஒரு மொட்டை மாடி. 8 அடிக்கு 8 அடிப் பந்தல், நான்கு பை, நான்கு கொடி. 2024 ஆடிப் பட்டத்தில் 46 புடலங்காய், எடை போட்டால் 14 கிலோவுக்குச் சற்று கீழே. வயலில் புடலை போடுகிறவர்களுக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் இதே மாடியில் 2022 ஆடியில் கிடைத்தது மூன்று காய். 2023 தைப் பட்டத்தில் காய் நிறைய வந்தும் பாதிக்கு மேல் புழு. மூன்று பருவமும் ஒரே நோட்டில் எழுதி வைத்ததால் எங்கே தவறினோம் என்று தேதியோடு சொல்ல முடிகிறது.

முதலில் பந்தல். 2022-ல் ஒரு அங்குல பிவிசி பைப்பில் கட்டினேன். தூக்க லேசு, அறுக்க லேசு, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் இளகி நடுவில் தொய்ந்தது. கொடி ஏறிய பிறகு ஆடிக்காற்று அடித்ததும் பந்தல் மொத்தமாகக் கிழக்கே சாய்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வரும் மேல்காற்றுக்குக் கோயம்புத்தூர் மாடிகள் நேர் எதிரே நிற்கின்றன. தரையில் இருக்கும் தோட்டத்துக்கு வேலியும் மரமும் தடுப்பு. மாடியில் எதுவும் கிடையாது. கொடி படர்ந்த பந்தல் பாய்மரம் போலக் காற்றை வாங்கும் என்பதை மனதில் வைத்துத்தான் கால் நட வேண்டும்.

இப்போது இருப்பது ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. கால்களுக்கு ஒரு அங்குலம், ஒவ்வொன்றும் 7 அடி. மேல் சட்டத்துக்கு முக்கால் அங்குலம், 8 அடியில் நான்கு. மொத்தம் 35 கிலோ, கிலோ 55 ரூபாய். மாடித் தளத்தில் துளை போடவில்லை. அங்கே போடும் ஒவ்வொரு துளையும் பின்னால் ஒழுகும் இடம். அதற்குப் பதில் நான்கு காலி 20 லிட்டர் பெயின்ட் வாளிகள், நடுவில் பைப்பைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, 1:2:4 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) முக்கால் அங்குல ஜல்லிக் கான்கிரீட் முக்கால் வாளிக்குச் சற்று மேலே வரை. ஒரு வாளி சுமார் 38 கிலோ வரும். நான்குக்கும் சேர்த்து அரை மூட்டை சிமென்ட் போதும். வாளியின் மேல் இரண்டு அங்குலம் காலியாக விட்டால் மழைநீர் தேங்கிப் பைப் அடியில் துருப்பிடிக்கும். கான்கிரீட்டின் மேற்பரப்பைப் பைப்பிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசி, வாளிச் சுவரில் அந்த மட்டத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். முதலில் இதைச் செய்யாமல் விட்டு, பிறகு பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட வேண்டியிருந்தது.

நான்கு வாளிகளும் கீழே சுவர் அல்லது பீம் ஓடும் கோட்டின் மேல் இருக்கின்றன. நனைந்த பை ஒன்றைக் குளியலறைத் தராசில் வைத்தபோது 41 கிலோ காட்டியது. பை, வாளி, பைப் எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தொடுகிறது. பரவியிருந்தால் பயமில்லை, எல்லாவற்றையும் ஒரு அறையின் நடுத்தளத்தில் குவிக்கக் கூடாது. பழைய கட்டடம் என்றால் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

பந்தலின் உயரம் ஆறரை அடி. சட்டத்தின் மேல் ஆறு அங்குலக் கண் உள்ள நைலான் கொடி வலை. மேற்குப் பக்கம் மட்டும் 5 அடி உயரத்துக்கு 35 சதவீத நிழல் வலை. இங்கே தார்ப்பாய் கட்டுவது பெரிய தவறு. காற்று ஊடுருவ வழியில்லாமல் மொத்த விசையும் கால்களில் இறங்கும். வலை என்றால் காற்றின் வேகம் மட்டும் உடையும்.

அடுத்தது மண். 2022-ல் தோற்றதற்கு முதல் காரணம் இதுதான் என்று அப்போது நினைத்தேன். பாதி உண்மை. 12 அங்குலப் பையில் சரிபாதி கோகோபீட் என்ற தேங்காய் நார்க்கழிவு, கழுவாதது. செடி மூன்று இலை விடும்போதே வெளிறியது. தேங்காய் நார்க்கழிவில் உப்பு இருக்கும், கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அது மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். எடை குறையும் என்பதற்காகக் கோகோபீட்டைக் கூட்டுகிறோம், அந்தச் சலுகைக்கு இது விலை.

இப்போதைய கலவை, 15 அங்குலம் விட்டம் 15 அங்குலம் உயரம் உள்ள பைக்கு: செம்மண் 3 பங்கு, மண்புழு உரம் 3 பங்கு, மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் 2 பங்கு, ஆற்று மணல் அல்லது கழுவிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 1 பங்கு. பையின் விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் ஒரு பைக்கு 35 லிட்டர் பிடிக்கிறது. அதோடு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம், எலும்புத்தூள் 100 கிராம், வேர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகளான டிரைகோடெர்மா விரிடி 50 கிராம், சூடோமோனாஸ் 50 கிராம். கலந்து நனைத்து, நிழலில் 15 நாள் வைத்த பிறகே விதை. வேப்பம்புண்ணாக்கு போட்ட அன்றே விதைத்தால் அது புளித்துச் சூடேறும்போது முளை வெந்துவிடும். இரண்டு செங்கல் மேல் பை நின்றால் அடித்துளை அடைபடாது, தளத்திலும் ஈரம் ஊறாது.

கொடி வகைக்கு 12 அங்குலப் பை போதவே போதாது. மே மாதத்தில் மட்டுமல்ல, ஆகஸ்டிலும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கொடி துவண்டு தொங்கும். தண்ணீர் இருந்தும் துவளும், ஏனென்றால் கறுப்புப் பை சூடாகி ஓரத்து வேர் கருகுகிறது. வெள்ளைப் பை, பெரிய பை, மேலே காய்ந்த இலை மூடாக்கு இரண்டு அங்குலம். இந்த மூன்றும் சேர்ந்தபோது துவள்வது நின்றது.

விதை: நீளப் புடலையை விட்டுவிட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 என்ற குட்டை ரகத்துக்கு மாறினேன். காய் ஏறக்குறைய ஒரு அடி. நீள ரகம் ஆறரை அடிப் பந்தலில் தரையைத் தொடும் தூரத்துக்கு வரும். சுருளாமல் இருக்க நுனியில் கல் கட்ட வேண்டும். கல் கட்டுபவர்கள் காய் ஒரு சாண் ஆன பிறகு 50 கிராமில் தொடங்குங்கள். அதற்கு முன்னால் கட்டினால் காம்போடு கழன்று வரும்.

புடலை விதையின் தோல் தடிப்பு. நகவெட்டியால் அகன்ற முனையை லேசாகக் கிள்ளி, 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பைக்கு மூன்று விதை, ஒரு அங்குல ஆழம். ஜூலை 21-ல் போட்டது 29-ல் முளைத்தது. இரண்டாம் வாரத்தில் வலுவான ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். இந்தக் கட்டத்தில்தான் செம்பூசணி வண்டு வரும். விதையிலையில் வட்ட வட்டமாக ஓட்டை போடும். காலையில் குளிரில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். நான்கு செடிக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை.

கொடி பந்தல் ஏறும் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக விட்டேன். வலையைத் தொட்டதும் நுனி வெட்டு. பக்கக் கிளைகள் ஓடி ஆறேழு இலை விட்டதும் அதன் நுனியும் வெட்டு. இதைத்தான் 3ஜி கட்டிங் என்கிறார்கள். மூன்றாம் தலைமுறைக் கிளையில் பெண் பூ கூடுகிறது என்பது நோட்டில் உள்ள எண்ணிக்கையிலும் தெரிகிறது. ஆனால் காற்றடிக்கும் மாதத்தில் ஒரே நாளில் எல்லாக் கிளையையும் வெட்டக் கூடாது. வாரம் ஒரு கொடியாக வெட்டினால் பூவும் தொடர்ச்சியாக வரும்.

இனி பூ. 42-ம் நாள், செப்டம்பர் 1 அன்று ஆண் பூ. பெண் பூ செப்டம்பர் 10. ஆண் பூ ஒரே காம்பில் கொத்தாக வரும். பெண் பூ தனியாக வரும், பூவுக்குக் கீழே ஊசி போல ஒரு பிஞ்சு இருக்கும். 2022-ல் இந்தப் பிஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி விழுந்தன. போரான் குறை என்று நுண்ணூட்டக் கலவை தெளித்தேன். பிறகு மீன் அமிலத்தை (மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்த தழைச்சத்துக் கரைசல்) கூட்டினேன். இலை இன்னும் அகலமாக, கரும்பச்சையாக வந்தது; பிஞ்சு உதிர்வது நிற்கவில்லை.

காரணம் சத்து இல்லை. பார்த்த நேரம் தவறு. காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போய், வாடிய பூவைப் பார்த்து, 'இன்னும் விரியவில்லை' என்றோ 'கருகிவிட்டது' என்றோ எழுதியிருக்கிறது நோட்டு. புடலைப் பூ இரவுப் பூ. சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது விரிந்து, நூல் நூலாக வெள்ளை இழைகளை நீட்டி, மெல்லிய மணத்தோடு நிற்கும். விடிந்தால் சுருண்டுவிடும். அதைத் தேடி வருவது அந்திப் பூச்சிகள். ஊருக்கு நடுவில், தெருவிளக்குக்கு நேர் எதிரே இருக்கும் இரண்டாம் மாடியில் அவை அரிது. தேனீக்காக வைத்த சாமந்தியும் துளசியும் பாகலுக்கு உதவும், புடலைக்கு உதவாது.

பந்தலில் போடும் காய்களை இந்தக் கண்ணோடு பிரித்துக்கொள்ளலாம். பாகல், பூசணி, வெள்ளரி, நுரைப்பீர்க்கு காலையில் விரிபவை. சுரை, பீர்க்கு, புடலை மாலைக்கு மேல். சுரைப்பிஞ்சு வெம்பி விழுகிறது என்று உரம் தேடுகிறவர்கள், முதலில் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்குப் பந்தலுக்கு அடியில் நின்று பாருங்கள்.

கையால் மகரந்தம் சேர்ப்பது இப்படி. ஆறரை மணிக்கு மேல், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்பக்கம் மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தப் பகுதியைப் பெண் பூவின் நடு முனையில் மூன்று நான்கு முறை மெதுவாகத் தொட்டுச் சுழற்ற வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். பெயின்ட் பிரஷ் முயன்று பார்த்தேன். பாதி மகரந்தம் பிரஷிலேயே தங்கிவிடுகிறது. முடிந்ததும் காம்பில் ஒரு வண்ண நூல், நூலின் நிறம் வாரத்துக்கு ஒன்று. பறிக்கும்போது வயது கணக்கிட இது உதவும்.

செப்டம்பர், அக்டோபரில் இப்படிச் சேர்த்தது 68 பெண் பூ. காய் பிடித்தது 52. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே பத்துப் பூவை நூல் கட்டி, தொடாமல் விட்டேன். பிடித்தது இரண்டு. இந்த எண்ணைப் பார்த்த பிறகு உரத்தைப் பற்றிய கவலை போய்விட்டது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை சரியாகச் சாயங்காலம்தான் வரும். நனைந்த மகரந்தம் பயன்படாது. மேகம் கூடினால் நான்கு மணிக்கே, அன்று விரியப்போகும் ஆண் மொட்டுகளைக் காம்போடு பறித்து ஒரு டம்ளர் தண்ணீரில் வீட்டுக்குள் வைத்துவிடுவது. அது உள்ளேயே விரியும். அன்று விரியப்போகும் மொட்டு வெள்ளை கண்டு உப்பியிருக்கும், மறுநாளைய மொட்டு பச்சையாக இறுகியிருக்கும். பெண் மொட்டுக்குச் செய்தித்தாளில் ஒரு கூம்பு. மழை விட்ட பிறகு எட்டு எட்டரைக்குச் சேர்த்தவையும் பிடித்தன.

இதிலிருந்து இன்னொன்றும் மாறியது. வேப்பெண்ணெய்க் கரைசலை எல்லோரும் மாலையில்தான் தெளிக்கச் சொல்கிறார்கள். வெயில் தணிந்திருக்கும், தேனீ போயிருக்கும் என்பதால். புடலைக்கு மாலையில் தெளித்தால் விரியும் பூவின் மேல் எண்ணெய் படியும். நான் விடியற்காலை ஆறு மணிக்கு, பூ சுருண்ட பிறகு தெளிக்கிறேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி காதி சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவும் (பசுவின் ஐந்து பொருள்களைப் புளிக்கவைத்த கரைசல்) அதே நேரத்தில்தான், பத்து லிட்டருக்கு 300 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. பூக்கத் தொடங்கியதும் மீன் அமிலத்தை நிறுத்திவிட்டேன்.

காய் பிடித்த பிறகு வரும் எதிரி பழ ஈ. 2023 தைப் பட்டத்தில் மாலையில் மகரந்தம் சேர்க்கத் தெரிந்துவிட்டது, காய் தொங்கத் தொடங்கியது, அதன் பிறகுதான் இவள் வந்தாள். பிஞ்சில் ஊசி குத்தி முட்டை வைப்பாள். குத்திய இடத்தில் பிசின் துளி நிற்கும், காய் அந்தப் பக்கமாக வளையும், ஒரு வாரத்தில் உள்ளே வெள்ளைப் புழு. மகரந்தம் சேராமல் வெம்பிய பிஞ்சுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்: அது துளையில்லாமல் முழுதாக மஞ்சளாகும், அறுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

கடையில் பழ ஈப் பொறி என்று கேட்டு வாங்கி மாட்டினேன். மூன்று வாரத்தில் பொறி நிறைய ஈ, காயிலும் குறையாமல் புழு. பொறியில் இருந்த கவர்ச்சி மருந்து மீத்தைல் யூஜினால். அது மா, கொய்யாவைத் தாக்கும் ஈயின் ஆண்களை இழுக்கும். துளசியில் இருப்பதும் அதே பொருள். கொடிக்காய்களைத் தாக்கும் ஈ வேறு இனம், அதற்குக் கியூ லூர் வேண்டும். பொறியின் உடல் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வைக்கும் கட்டைதான் வேறு. வாங்கும்போது 'காய்கறிக்கு, கியூ லூர்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கியூ லூர் மாட்டினாலும் பிடிபடுவது ஆண் ஈ மட்டும். வெளியே இணைந்துவிட்டுப் பறந்து வரும் பெண் ஈயை அது தடுக்காது. பத்து ஏக்கரில் இது பலன் தரும், ஒற்றை மாடிக்குப் பாதிதான். எனவே 2024-ல் உறை. கொசுவலைத் துணி மூன்று மீட்டர் வாங்கி, 18 அங்குல நீளம், 8 அங்குல அகலத்தில் 20 பைகள் தைத்தேன். ஒரு பக்கம் திறப்பு, அதில் நாடா. மகரந்தம் சேர்த்த மறுநாள் காலையிலேயே மாட்டிவிட வேண்டும். மூன்று நாள் பொறுத்து மாட்டினால் உள்ளே முட்டையோடு சேர்த்துக் கட்டியதாகிவிடும். உறை காயின் மேல் ஒட்டக் கூடாது, ஏனென்றால் வலைக்கண் வழியாகவே குத்த முடியும். இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். 52-ல் நான்கு காய் இப்படி உறை ஒட்டியதால்தான் போயிற்று. ஒன்று காற்றில் ஒடிந்தது.

குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடக் கூடாது. புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். மாடியில் மண் என்றால் நம் பைதான். கறுப்பு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் கிடத்திய பிறகு மட்டுமே கொட்டலாம்.

சாம்பல் நோய் நவம்பரில் வந்தது. அடி இலைகளை வெட்டி எடுத்து, புளித்த மோர் ஒன்றுக்குப் பத்து தண்ணீரில் கலந்து தெளித்ததில் கட்டுப்பட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

முதல் பறிப்பு செப்டம்பர் 24, கடைசிப் பறிப்பு நவம்பரில். பூச் சேர்த்து 11 அல்லது 12-ம் நாளில் பறித்தால் விதை முற்றாமல் நறுக்கென்று இருக்கிறது. 15 நாளைத் தாண்டினால் கூட்டுக்கு ஆகாது.

செலவு: பைப் 1,925 ரூபாய், சிமென்ட் 390, மணலும் ஜல்லியும் 120, கொடி வலை 280, பைகள் 380, கோகோபீட் 180, மண்புழு உரம் 30 கிலோ 360, புண்ணாக்கு முதலியவை 210, செம்மண் 100, நிழல் வலை 540, கியூ லூர் பொறி இரண்டு 300, கொசுவலைத் துணி 180. மொத்தம் 4,965. ஒரே பருவத்தின் தலையில் இதை ஏற்றினால் காய் கிலோ 355 ரூபாய்க்கு வருகிறது. பந்தல் பல வருடம் நிற்கும், பைகளும் நான்கைந்து பருவம் தாங்கும். இனி பருவத்துக்கு உரம், புண்ணாக்கு, லூர் கட்டை என்று 700 ரூபாய்க்குள் முடியும்.

அடுத்த தையில் மாற்றப் போவது: நான்கு கொடியையும் ஒரே நாளில் விதைக்காமல், இரண்டு இப்போது, இரண்டு 15 நாள் கழித்து. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பெண் பூ பத்துப் பன்னிரண்டு ஒன்றாக வந்து, அக்டோபர் கடைசியில் ஆண் பூ கிடைக்காத நாட்கள் இருந்தன. உறையின் அகலத்தை 8-லிருந்து 10 அங்குலமாக்கி, வாயில் ஒரு கம்பி வளையம் கோத்தால் காயில் ஒட்டாது. பந்தலை இன்னும் அரை அடி தாழ்த்துவேன்; இரவில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்று பூச் சேர்ப்பது மாடியின் விளிம்புக்கு அருகில் ஆபத்து. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கியாகிவிட்டது.

விதைக்கு ஒரு காய் விட்டிருந்தேன், 52-ல் அது கடைசி. அதே பந்தலின் ஆண் பூவால் சேர்த்து, உறையைக் கழற்றாமல் பழுக்க விட்டது. புடலையில் இது முக்கியம். பேய்ப்புடல் காலி மனைகளில் தானாக முளைக்கும். அதன் மகரந்தம் கலந்தால் அந்த ஆண்டுக் காயில் தெரியாது, மறு ஆண்டுக் கொடியில் கசப்பாக வரும். நட்ட விதை எதுவானாலும், ஒவ்வொரு கொடியின் முதல் காயிலும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் கொடியின் காயைச் சமைக்க வேண்டாம், அந்தக் கசப்பு வயிற்றுக்கு நஞ்சு. விட்ட காய் நவம்பர் கடைசியில் ஆரஞ்சு நிறமாகி அடியில் வெடித்தது. உள்ளே சிவந்த சதைக்குள் 43 விதை. கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் ஐந்து நாள் உலர்த்தி, காகித உறையில் போட்டு, மேலே 'கோ 2, பந்தல், நவம்பர் 2024, கசப்பில்லை' என்று எழுதி வைத்திருக்கிறது.